கடைக்காரி பக்கத்துச் சாத்துக்குடி

நிழலுக்குள் நீலம் இருக்கிறதாம். கேட்டுக்கோ. இருபத்தாறு வருஷம் பழம் விற்றவளுக்கு இருபத்தாறு வயசுப் பிள்ளை பாடம் சொல்லுது. சாத்துக்குடிக்கு அடியில விழுற நிழல்ல நீலம் இருக்கும்மா, லேசா ஊதாவும் இருக்கு, கறுப்பு டியூபை மட்டும் தொட்டுறாதீங்க. சரி டீச்சர், என்று சொர்ணக்கனி தலையை ஆட்டிவிட்டு பிரஷ் நுனியை நீலத்தில் தொட்டாள், துடைத்தாள், மறுபடி தொட்டாள். எங்கே இருக்கு நீலம்? அவள் கண்ணுக்கு நிழல் நிழலாத்தான் தெரிஞ்சது. மணி பத்தேகால். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சென்டருக்கு மேல் மாடியில், சனிக்கிழமை தோறும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஆயில் பெயின்டிங் கிளாஸ். கடையை மூடிய பிறகு வீட்டுக்குள்ள சும்மா இருந்து, டி.வி. பார்க்கிற மனுஷனோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தவளை, பெங்களூர் மருமகள் போனிலேயே பணத்தைக் கட்டிச் சேர்த்துவிட்டாள். போங்க அத்தை, பொழுது போகும். பொழுது எங்க போகுது, அது முன்னாடிதான் வந்து நிக்குது. முதல் நாள் ஆளுக்கு மூணு பழம் கொண்டு வரச் சொன்னார்கள், துணி விரித்து அவரவரே அடுக்கச் சொன்னார்கள். சொர்ணக்கனி ரெண்டு சாத்துக்குடி, ஒரு மாதுளை கொண்டுபோனாள். கண் மூடித் திறக்கும் முன்னால் அடுக்கிவிட்டாள், இதெல்லாம் ஒரு வேலையா. ஜாஸ்லின் டீச்சர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டது. "அம்மா, பளபளன்னு இருக்கிற பக்கத்தை எல்லாம் சுவத்தைப் பாக்க வச்சிருக்கீங்க. சொத்தைப் பக்கம் உங்களைப் பாத்து இருக்கு!" அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. கை தன்பாட்டுக்குக் கடையில் அடுக்குகிற மாதிரி அடுக்கிவிட்டது. நல்ல முகம் ரோட்டுக்கு, தழும்பும் காம்பும் உள்ளே. வாங்க வருகிறவர்களுக்குத்தான் பழத்தின் முகம். கடைக்காரிக்கு எப்பவும் முதுகுதான். திருப்பி வைக்கட்டுமா என்று டீச்சர் கேட்டது. வேண்டாம் டீச்சர், எனக்கு இந்தப் பக்கம்தான் பழக்கம் என்றாள். அன்றிலிருந்து பக்கத்து மேஜை பேங்க் சார் ஆப்பிளுக்கு மெழுகு போட்டது போல மினுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார், இவள் சாத்துக்குடியின் முதுகில் இருக்கிற பழுப்புத் தழும்புக்கு நிறம் கலக்கிக்கொண்டிருக்கிறாள். போட்ட நிறம் காய ஒரு வாரம் ஆகுது, பழம் அதுவரைக்கும் தாங்குமா? வாராவாரம் புதுசு வாங்கணும், அதே இடத்துல அதே மாதிரித் தழும்பு இருக்கிறதா வாங்கணும். சொத்தையைத் தேடி எடுக்கிற பொம்பளையை மார்க்கெட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பத்து இருபது. ஒரு மணிக்குக் கார் வருதுன்னுதானே சொன்னா சுபாஷினி? நேற்று சாயங்காலம் போன். பெரியம்மா, அம்மாவும் நானும் வந்திருக்கோம், பழைய வீட்டை ஒழிச்சுக் குடுத்துட்டு நாளைக்கு ஒரு மணிக்கு ஓசூர் கிளம்புதோம், இனிமே இங்க வரதுக்கு ஒண்ணும் இல்ல, ஒருக்க வந்துட்டுப் போங்க. அம்மா கூப்பிடச் சொன்னாளா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. பாக்கேன்னு மட்டும் சொன்னாள். பாக்கேன். என்னத்தைப் பாக்கது? ஜெயக்கொடியை நேருக்கு நேர் பாக்க முடியாமத்தான் காலையில் எழுந்து, குளித்து, சொத்தைச் சாத்துக்குடியைப் பையில் போட்டுக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். சுபாஷினியின் அம்மா, ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் லாரியில் ஏறி உப்பு மூட்டையோடு ஊர் ஊராகப் போக, பெரியாஸ்பத்திரிக்கு எதிர்த்தாற்போல் பழக்கடை போட்டவர்கள் இவர்கள் ரெண்டு பேர். மூணு வருஷமாகப் பேச்சு இல்லை. பத்து ஐம்பதுக்கு எழுந்தால் பதினொண்ணுக்குப் போயிடலாம், நடந்தே போகலாம். போய்? போய் என்ன சொல்ல? பயம்தான், வேறென்ன. அறுபது வயசில் கொத்தனார், கம்பவுண்டர், போலீஸ்காரன் எவனுக்கும் பயப்படாதவளுக்கு, ஐந்தடி கூட இல்லாத ஒரு பொம்பளையின் முன்னால் போய் நிற்கப் பயம். பெயின்டைக் கரைக்கிற டர்ப்பன்டைன் வாடை மூக்கில் ஏறியது. சின்ன டப்பாவில் பிரஷைக் கழுவினாள், நீலம் கரைந்து தண்ணீர் மாதிரி ஆனது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயக்கொடி நின்றது இடது பக்கம். முதல் நாளிலிருந்தே அப்படித்தான், தராசு வலது கைக்காரிக்கு, அதனால் சொர்ணக்கனி வலது, அவள் இடது. காலையில் பெட்டி வந்து இறங்கியதும் ரெண்டு பேரும் குத்தவச்சு உட்கார்ந்து பிரிப்பார்கள். ஆப்பிளைச் சுற்றி வருகிற ஊதாத் தாள், மாதுளைப் பெட்டியில் கத்தரித்த காகிதச் சுருள், திராட்சை அட்டைப்பெட்டியைத் திறந்ததும் வருகிற அந்தக் குளிர்ந்த வாடை. ஊதாத் தாளை எல்லாம் ஜெயக்கொடி நீவி நீவி அடுக்கி வைப்பாள். எதுக்குட்டி இது, கல்யாணப் பத்திரிகையா அடிக்கப் போற என்றால், இருக்கட்டும்க்கா, கையில தொட நல்லாருக்கு என்பாள். பதினொரு மணிக்குக் கூட்டம் அடங்கும். அப்போது ஆளுக்கு ஒரு நாட்டு வாழைப்பழம் உரிப்பார்கள். விற்கிற பழத்தில் கை வைக்கக் கூடாது என்று சொர்ணக்கனி சட்டம் போட்டவள், நாட்டுப்பழத்துக்கு மட்டும் சட்டம் கிடையாது. தின்றுகொண்டே ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பார்கள். அந்தா பாருக்கா, கிலோ ஆப்பிள் வாங்கிட்டுப் போறானே, அவன் மாமியாரைப் பாக்கப் போறான். எப்படிச் சொல்லுத? பெண்டாட்டியைப் பாக்கப் போறவன் திராட்சைல்லா வாங்குவான். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். பிரசவ வார்டுக்குப் போகிறவன் நடை வேறு, எலும்பு முறிவுக்குப் போகிறவன் நடை வேறு. எதுவும் வாங்காமல் வெளியே வந்து பழத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிற முகம் வந்தால் மட்டும் இருவரும் பேச மாட்டார்கள். ஜெயக்கொடி ஒரு சாத்துக்குடியை எடுத்து அந்த ஆளின் கையில் வைத்துவிட்டு வந்து நிற்பாள். ஐயோ, எப்பேர்ப்பட்ட பிள்ளை அவ. மழைக்காலத்தில் தார்ப்பாயின் நாலு மூலையையும் ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டாகப் பிடித்துக்கொண்டு, கடல் காத்து அதைப் பிடுங்க, தலை முதல் கால் வரை நனைந்து, கையில் பிடித்ததையும் விட முடியாமல், சிரிப்பையும் அடக்க முடியாமல். அந்த நாள் எந்த வருஷம்? சுபாஷினி பெரியவளாகும் முன்னாலா பின்னாலா? கேட்டால் ஜெயக்கொடி டக்கென்று சொல்லிவிடுவாள். கேட்க ஆள் இல்லாத ஞாபகம் பாதிதான் ஞாபகம். "அம்மா, நிழல் நகந்துரும், யோசிச்சது போதும்" என்று டீச்சர் பின்னாலிருந்து சொன்னது. இருங்க டீச்சர், உங்க நீலத்தைத்தான் தேடிட்டு இருக்கேன் என்றாள்.

பேங்க் சார் எட்டிப் பார்த்து, உங்க மாதுளை நல்லா வந்திருக்கு, ஆனா சாத்துக்குடியில அந்தத் தழும்பு எதுக்கு, விட்டுருங்களேன் என்றார். தழும்பை விட்டுரலாம் சார். கடைக்காரி எத்தனை தழும்பை விட்டிருக்கா, எத்தனையை உள்ளே திருப்பி வச்சிருக்கா. அதிலும் ஒரு முறை இருந்தது. ரொம்ப நைந்தது கீழ் வரிசையில் இடது ஓரம், ஜூஸ்கடைக்குப் போகும். அதைத் தெரியாமல் யாராவது கேட்டால், ரெண்டு பேருக்குள் ஒரு சாடை, சொர்ணக்கனி காதுக் கம்மலைத் திருகுவாள். கம்மலைத் திருகினால் அந்த வரிசையில் கை வைக்காதே. அத்தனை வருஷத்தில் ஜெயக்கொடி ஒரு தரம் கூடத் தவற விட்டதில்லை. கடைசி ரெண்டு வருஷம் வரைக்கும். கடைசி ரெண்டு வருஷத்தில் என்னவோ ஆகிவிட்டது. இடது பக்கம் கிடக்கிற காலிப் பெட்டியில் இடித்துக்கொள்வாள், தினமும் அதே பெட்டி. டீ கிளாஸைப் பக்கத்தில் நீட்டினால் வாங்க மாட்டாள், நீட்டிய கை நீட்டியபடி இருக்கும். திமிரு வந்திருச்சு, மகளுக்குப் பெரிய இடத்துல சம்பந்தம் ஆனதும் ஏறிப்போச்சு என்று சொர்ணக்கனி மனசுக்குள் கறுவினாள். கூப்பிட்டால் உடம்பையே திருப்பிப் பார்ப்பாள். என்னட்டி, கோழி மாதிரிக் கழுத்தைத் திருப்புத? கழுத்து சுளுக்குக்கா. எத்தனை மாசச் சுளுக்குடி அது? அப்படிக் கேட்டோமே, அதுக்கு மேலே ஒரு கேள்வி கேட்டோமா? அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா, புருஷனுக்கு ஆபரேஷன், ஜூஸ் போடச் சாத்துக்குடி கேட்டாள். கீழ் வரிசையைக் காட்டினாள். சொர்ணக்கனி கம்மலைத் திருகினாள், திருகித் திருகிக் காது வலித்தது. ஜெயக்கொடி நேரே பார்த்துக்கொண்டு அதே வரிசையிலிருந்து ஒரு கிலோ போட்டுக் கொடுத்தாள். மறுநாள் கூட்ட நேரத்தில் அந்தம்மா வந்து, அறுத்த பழத்தை எல்லாருக்கும் முன்னால் பலகையில் வைத்தாள், உள்ளே கறுப்பு. நோயாளிக்குக் குடுக்கிற பழமா இது? பத்துப் பேர் பார்க்கிறார்கள். சொர்ணக்கனிக்கு முகம் செத்துப்போச்சு. வாய் அவளைக் கேட்டா பேசியது? இந்தக் குருடியைக் கூட வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்ய, இவளுக்குக் கண்ணு ரெண்டும் பொடதியில இருக்கு! சொல்லியே விட்டாள். ஜெயக்கொடி கையைத் துடைத்தாள், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள், ரோட்டைத் தாண்டும்போது நிறுத்தி வைத்திருந்த சைக்கிளில் இடித்து நின்று, மறுபடி நடந்தாள். போகட்டும், ரோசம் தணிஞ்சா வருவா என்று சொர்ணக்கனி அடுத்த ஆளுக்கு நிறுத்துப் போட்டாள். நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா? ரெண்டு மாசம் கழித்துச் சுபாஷினி போனில் அழுதாள். அம்மாவுக்குக் கண்ணுல அழுத்தமாம் பெரியம்மா, ரெண்டு பக்கமும் போயிருச்சாம், போனது திரும்பாதாம், நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுதாம். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போன் பண்ண? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூணு வருஷம்.

பதினொண்ணு பத்து. போயிருக்க வேண்டிய நேரம் போய்விட்டது, நல்லதாப் போச்சு. இல்லை, நல்லதில்லை. பிரஷ் வழுக்கியது, நிழல் கோட்டைத் தாண்டிப் பரவியது. டீச்சர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. "அம்மா, நீங்க மொத்தத்தையும் சேத்துப் பாக்கீங்க. அதான் நிறம் பிடிபடல. இப்படிச் செய்யுங்க." வலது கையைக் குவித்து, உள்ளே சின்ன ஓட்டை வருகிற மாதிரி மடித்து, கண்ணில் வைத்துக் காட்டியது. "அடுத்த கண்ணை மூடிக்கோங்க. அந்த ஓட்டை வழியா நிழலை மட்டும் பாருங்க." சொர்ணக்கனி சிரித்துக்கொண்டே கையைக் குவித்து வைத்தாள். அட. இருந்தது. நீலம். பழத்தின் அடியில், துணியின் மேல், லேசாக, மெய்யாகவே நீலம். இத்தனை வருஷம் நம்ம கடையில கிடந்திருக்கே, பெட்டி பெட்டியா நீலம் கிடந்திருக்கே. "தெரியுது டீச்சர்!" என்று கத்திவிட்டாள். கத்திவிட்டு, கையை எடுக்காமலே, டீச்சர் முகத்தைப் பார்க்கலாம் என்று கண்ணை இடது பக்கம் ஓட்டினாள். டீச்சர் இல்லை. கையின் இருட்டுதான் இருந்தது. குரல் மட்டும் காதோரம் கேட்டது, பாத்தீங்களா நான் சொன்னேன்ல, என்று. தோளில் டீச்சரின் தோள் இடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. ஆளைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தையே திருப்ப வேண்டும். திருப்பினாள். கோழி மாதிரி. கம்மலை எவ்வளவு திருகியிருப்பேன். டீ கிளாஸை எத்தனை நாள் அவள் பக்கத்தில் நீட்டிப் பிடித்திருப்பேன். பெட்டியை அந்தப் பக்கம் போட்டதே நான்தானே. நோய் என்று மூணு வருஷத்துக்கு முன்னாலேயே காதால் கேட்டாச்சு, ஆனால் கேட்டது வேறு, இது வேறு. அவள் அந்த ஓட்டைக்குள் இருந்துகொண்டு, ஆப்பிளைத் தொட்டுத் தொட்டு, கனத்தை வைத்துப் பழுத்ததா காயா என்று பார்த்து, விற்றிருக்கிறாள். பயந்துகொண்டே நின்றிருக்கிறாள், இடது பக்கத்தில், ஒரு முழம் தள்ளி. சொர்ணக்கனி அழுதுவிட்டாள். டர்ப்பன்டைன் கண்ணுல பட்டுருச்சா, கண்ணைக் கழுவுங்கம்மா என்று டீச்சர் பதறியது. இல்ல டீச்சர், ஒண்ணும் இல்ல, நான் போகணும், எனக்கு ஒரு மணிக்குள்ள ஒரு இடத்துக்குப் போகணும். நிழல் முடியலையே என்றது டீச்சர். கிடக்கட்டும் என்றாள்.

செருப்பைக் காலில் மாற்றிப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள், பாதியில் உட்கார்ந்து சரியாக மாட்டினாள். நடந்து போனால் மனசு மாறிவிடும் என்று ஆட்டோவைக் கூப்பிட்டாள். எங்கம்மா? பெரியாஸ்பத்திரிப் பின்பக்கம் தெரு. போகிற வழியில் கடை இருந்த இடம் வந்தது, இப்போது செல்போன் கடை, கண்ணாடிக் கதவு, அவள் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கிப் பார்த்தாள். ஜெயக்கொடி, எனக்குத் தெரியாதுட்டி. தெரியாதுன்னு சொன்னா அது மன்னிப்பா, சாக்கா? ஒரு கோபத்துல வாய் தவறிட்டு. ஆமா, மூணு வருஷமா வாய் தவறிட்டே இருந்துச்சாக்கும். சுபாஷினி பக்கத்துல இருப்பாளே, அவளுக்கு முன்னாலயா பேச? பத்துப் பேருக்கு முன்னால திட்டத் தெரிஞ்சுதுல்லா, ஒரு பிள்ளைக்கு முன்னால கும்பிடத் தெரியாதா. ஒருவேளை போயிருந்தா? கார் முன்னாலேயே வந்திருந்தா? அந்த நினைப்பு வந்ததும் ஆட்டோக்காரரின் முதுகைத் தட்டி, கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே என்றாள். தெருமுனையில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது, டிக்கி திறந்திருந்தது, உள்ளே பழைய மிக்ஸியும் சுருட்டிய பாயும் தெரிந்தன.

வீட்டுக்குள் சாமான் எதுவும் இல்லை. பேசினால் எதிரொலிக்கிற மாதிரி வெறும் சுவர். நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஜெயக்கொடி. மடியில் கைப்பை, நேரே சுவரைப் பார்த்தபடி. இளைத்திருந்தாள், முடி முழுக்க நரைத்திருந்தது. சொர்ணக்கனி வாசலில், அவளுக்கு வலது பக்கமாக நின்றாள். ஜெயக்கொடி திரும்பவில்லை. சமையலறையிலிருந்து வந்த சுபாஷினி வாயைத் திறக்கப் போனாள், இவள் கையைக் காட்டி நிறுத்தினாள். சுற்றிக்கொண்டு போய் நாற்காலிக்கு எதிரே, கடைக்கு வாங்க வருகிறவர்கள் நிற்கிற மாதிரி நின்றாள். ஜெயக்கொடியின் கண் மெதுவாக மேலே ஏறியது, சேலையில், கையில் ஒட்டியிருந்த பெயின்டில், கழுத்தில், முகத்தில் வந்து நின்றது. இந்த முகத்தை இப்படி எதிரே வைத்துப் பார்த்து எவ்வளவு காலம் ஆச்சு? பக்கத்தில் நிற்கிறவளை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? ஆட்டோவில் அடுக்கி வைத்தது ஒன்றும் வரவில்லை. "ஜெயக்கொடி, அன்னைக்கு அந்தப் பழம்… நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுட்டி. என்னைய மன்னிச்சிரு" என்றாள். அதுதான் வந்தது.

ஜெயக்கொடி கையை நீட்டினாள், ரெண்டு தரம் காற்றில் தேடி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பேச்சை நான் அன்னைக்கு ராத்திரியே மறந்துட்டேன்க்கா. நீ திட்டாத நாள் உண்டா? எனக்கு ஆறாதது அது இல்ல. கண்ணு போகுதுன்னு நான் சொல்லாமலே ஒனக்குத் தெரிஞ்சிரும்னு இருந்தேன். கேப்ப, கேப்பன்னு ரெண்டு வருஷம் பாத்துட்டே நின்னேன். பக்கத்துலதானக்கா நின்ன."